பிக்சல்: புள்ளியா, படவணுவா?

ஒரு பள்ளியின் ஆண்டு மலருக்குப் படங்களைத் தொகுத்துக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மறைந்த தலைமையாசிரியர் ஒருவரின் படம், யாரோ கைப்பேசியில் அனுப்பிய சிறிய கோப்பாகத்தான் கிடைத்தது. "இது 72 டிபிஐ, 300 ஆக்கிக் கொண்டு வாருங்கள்" என்றார்கள் அச்சகத்தில். டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்று பொருள். மென்பொருளில் 72 என்றிருந்த இடத்தில் 300 என்று தட்டிக் கொடுத்துவிட்டேன். மலர் அச்சாகி வந்தபோது அவருடைய மூக்குக் கண்ணாடியின் விளிம்பு கன்னத்தோடு கரைந்திருந்தது. அவருடைய மகள் அந்தப் பக்கத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தவறு ஒரு சொல்லில் தொடங்கியது என்று பின்னர்தான் விளங்கியது. அச்சகத்தார் 'புள்ளி' என்று சொன்னது ஒன்றை. படத்துக்குத் தேவைப்பட்டது வேறொன்று: கணினிப் படத்தின் மிகச் சிறிய கூறான பிக்சல். இரண்டையும் தமிழில் ஒரே பெயரால் அழைக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது.

பிக்சல் இரண்டு சொற்களை நறுக்கி ஒட்டிய சொல். படங்களைக் குறிக்கும் 'பிக்சர்ஸ்' ஆங்கிலத்தில் 'பிக்ஸ்' எனச் சுருங்கியது. 'வெரைட்டி' என்னும் அமெரிக்கத் திரையுலக இதழ் 1930-களிலேயே தலைப்புகளில் அதைப் பயன்படுத்தியிருக்கிறது. கூறு என்று பொருள்படும் 'எலிமெண்ட்' என்பதன் முதல் துண்டு 'எல்'. இரண்டும் சேர்ந்தால் 'படக் கூறு'. இந்தச் சொல் 1965-இல், கலிபோர்னியாவின் பாசடேனாவில் உள்ள, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிரெட் பில்லிங்ஸ்லியின் கட்டுரைகளில் முதன்முதலாக அச்சேறியது. சொல்லை உருவாக்கியவர் அவர் அல்லர். பாலோ ஆல்ட்டோவில் ஒரு நிறுவனத்தில் பணிபுரிந்த கீத் மக்ஃபார்லேண்டிடமிருந்து அது அவருக்குக் கிடைத்தது. மக்ஃபார்லேண்டோ, அந்தச் சொல் அப்போதே புழக்கத்தில் இருந்தது என்று சொல்லிவிட்டார். நம் ஊர்ப் பழமொழிகளைப் போல, பெற்றவர் பெயர் தெரியாத சொல் இது.

பொருள் பெயருக்கு முன்பே பிறந்துவிட்டது. 1957-இல் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற அமெரிக்கக் கணினிப் பொறியாளர், மூன்று மாதக் குழந்தையான தம் மகனின் படத்தைக் கணினிக்குள் ஏற்றினார். அது 176 வரிசை, வரிசைக்கு 176 சதுரம் கொண்டது. மொத்தம் 30,976 கூறுகளில் ஒரு குழந்தையின் முகம் தெரிந்தது.

இந்தச் சொல் முதலில் எந்த வேலைக்குத் தேவைப்பட்டது என்பதைப் பார்த்தால் அதன் பொருளும் தெளிவாகிவிடும். 1965 ஜூலையில் அதே ஆய்வகத்தின் மாரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்து சென்றபோது படங்களை எடுத்தது. ஒவ்வொரு படத்திலும் 200 வரிசை, வரிசைக்கு 200 கூறு. ஒவ்வொரு கூறும் எவ்வளவு வெளிச்சம் என்பதை 64 படிநிலைகளில் சொல்லும் ஓர் எண், அவ்வளவுதான். பூமிக்கு அந்த எண்கள் வந்துசேரும் வேகம் மிகக் குறைவு. ஒரு படம் முழுமையாக வர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கணினி படத்தை உருவாக்கித் தரும்வரை பொறியாளர்களுக்குப் பொறுமை இல்லை. எண்கள் அச்சான காகிதப் பட்டைகளை ஒரு பலகையில் வரிசையாகப் பொருத்தி, இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று வைத்துக்கொண்டு, வண்ணச் சுண்ணக்கட்டியால் கையாலேயே தீட்டினார்கள். பிக்சல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பலகையைத்தான் சொல்வேன். பிக்சல் ஓர் எண். அதற்கு மில்லிமீட்டரில் அளவு கிடையாது. எவ்வளவு பெரிய பலகையில் தீட்டுகிறோமோ, அதுதான் அதன் அளவு.

நம் வாசலில் இதற்கு இன்னும் நெருக்கமான உவமை இருக்கிறது. '15 புள்ளி, 15 வரிசை' என்று கோலத்தைக் குறித்துக்கொள்கிறோம். திண்ணை ஓரத்தில் அதை நெருக்கி வைக்கலாம். மார்கழியில் தெருவை அடைத்தும் வைக்கலாம். புள்ளிகளின் எண்ணிக்கை மாறுவதில்லை, இடைவெளிதான் மாறுகிறது. 'படப்புள்ளி' என்ற சொல் தமிழில் எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஜெர்மன் மொழியிலும் 'பில்ட்புங்க்ட்', அதாவது படப்புள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.

இருந்தும் அந்தச் சொல்லை நான் ஏற்கத் தயங்குகிறேன். புள்ளி அழகான பழந்தமிழ்ச் சொல். மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் குறியைத் தொல்காப்பியமே புள்ளி என்கிறது. ஆனால் அச்சுத் தொழிலில் அதன் தலையில் ஏற்கெனவே சுமை அதிகம். எழுத்தின் உயரம் '12 புள்ளி' என்று சொல்லப்படுகிறது. அது ஓர் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கை அலகாகக் கொண்ட அளவு. தசமத்துக்கும் புள்ளி. அச்சுப்பொறி தாளில் இடும் மைத்துளியும் புள்ளி. டிபிஐ என்பது இந்த மைப்புள்ளி ஓர் அங்குலத்தில் எத்தனை விழும் என்ற கணக்கு. படத்தில் இருப்பதையும் புள்ளி என்றால், வேறுபட்ட இரண்டு பொருள்கள் ஒரே பெயரில் கலந்துவிடுகின்றன. நான் சிக்கியது அங்கேதான்.

மைப்புள்ளிக்கு இரண்டே நிலை: மை உண்டு அல்லது இல்லை. சாம்பல் நிற மை என்று சாதாரண லேசர் அச்சுப்பொறியில் ஏதும் இல்லை. கறுப்புப் புள்ளிகளைச் சில இடங்களில் நெருக்கியும் சில இடங்களில் விட்டுவிட்டும் இட்டுத்தான் சாம்பலைக் காட்டுகிறது. செய்தித்தாள் படத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் இது தெரியும். எளிய கணக்கில், ஒரு படக்கூறின் நிறச்செறிவைக் காட்ட 8-க்கு 8 என 64 மைப்புள்ளிகள் கொண்ட கட்டம் தேவை என்று வைத்துக்கொள்வோம். 600 டிபிஐ அச்சுப்பொறி ஓர் அங்குலத்தில் அப்படி 75 கட்டங்களைத்தான் அடுக்க முடியும். அச்சுப்பொறியின் பெட்டிமேல் 4800 டிபிஐ என்று பெரிதாக எழுதியிருக்கும் எண் மைப்புள்ளியைக் குறிக்கிறது. அத்தனை பிக்சல் கொண்ட படத்தைக் கொடுக்க வேண்டும் என்று பொருளல்ல.

பிக்சலுக்கு நான் தேர்ந்தெடுப்பது 'படவணு'. படம், அணு இரண்டும் புணரும்போது மரம், அடி சேர்ந்து மரவடி ஆவதுபோல மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் தோன்றுகிறது. அணு வடசொல் ஆயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் 'படத்துகள்' என்று சொல்லிப் பார்க்கிறார்கள். துகள் என்றதும் எனக்கு டோனர் பொடிதான் நினைவுக்கு வருகிறது. அதுவும் அச்சுப்பொறிக்குள் இருக்கும் பொருள் என்பதால் குழப்பம் திரும்ப வந்துவிடும். 'படக்கூறு' நேரான மொழிபெயர்ப்பு, குறை சொல்ல முடியாது. ஆனால் 'இதற்குமேல் பகுக்க முடியாதது' என்ற கருத்து அணுவில்தான் இருக்கிறது. பேச்சில் பிக்சல் என்றே சொல்லுங்கள், தவறில்லை. எழுத்தில் மட்டுமாவது படவணுவையும் புள்ளியையும் பிரித்து வைக்கலாம். மெகாபிக்சலையும் நம் எண்ணில் சொன்னால் கைக்கு அடங்குகிறது: ஒரு மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் படவணு, 12 மெகாபிக்சல் கேமரா தருவது 1 கோடியே 20 இலட்சம்.

சொல் பிரிந்துவிட்டால் கணக்கும் தெளிவாகிறது. அங்குலத்துக்கு 300 படவணு என்ற எண் கண்ணிலிருந்து வந்தது. புத்தகத்தை நாம் ஏறக்குறைய 30 செ.மீ. தொலைவில் வைத்துப் படிக்கிறோம். அந்தத் தொலைவில், அங்குலத்துக்கு 300 என அடுக்கினால் இயல்பான பார்வைக்குத் தனித்தனியாகத் தெரியாது. ஒரு ஏ4 தாள் முழுக்கப் படம் வேண்டுமானால் 2480-க்கு 3508, அதாவது சுமார் 87 இலட்சம் படவணு. கடவுச்சீட்டு அளவான 3.5-க்கு 4.5 செ.மீ. படத்துக்கு 413-க்கு 531 போதும். தெருவில் கட்டும் 10 அடிக்கு 6 அடிப் பலகையை மூன்று மீட்டர் தள்ளித்தான் பார்க்கிறோம். அங்குலத்துக்கு 30 போதும். பெருக்கிப் பார்த்தால் சுமார் 78 இலட்சம். ஏ4 தாளுக்குத் தேவைப்பட்டதைவிடக் குறைவு! இதை முதன்முதலில் கணக்கிட்டபோது நான் இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஆகவே கோப்பின் பண்புகளில் இருக்கும் 72-ஐயோ 300-ஐயோ பார்க்க வேண்டாம். அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை படவணு என்று பாருங்கள். அகலத்தை 300-ஆல் வகுத்தால் எத்தனை அங்குலத்துக்குத் தெளிவாக அச்சாகும் என்பது கிடைக்கும். என் தலைமையாசிரியர் படத்தில் 480 படவணு அகலம் இருந்தது. ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வைத்திருந்தால் அழகாக வந்திருக்கும். நான் முழுப் பக்கத்துக்கு வைத்தேன். இல்லாத படவணுக்களை மென்பொருள் அக்கம்பக்கத்து நிறத்தைப் பார்த்து ஊகித்து நிரப்பியது, முகம் கரைந்தது.

படவணு குறைவது பெரும்பாலும் நம் கையால்தான். கைப்பேசியின் டிஜிட்டல் ஜூம் ஓரங்களை வெட்டிவிட்டு நடுப்பகுதியைப் பெரிதாக்குகிறது. இரண்டு மடங்கு ஜூம் என்றால் நான்கில் ஒரு பங்கு படவணுதான் மிஞ்சும். செய்திச் செயலிகளில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே போய்ச்சேரும். அச்சுக்குப் போகும் படத்தை அப்படித்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அலுவலகத்தில் தாளை ஸ்கேன் செய்பவர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். கோப்பு சிறிதாக இருக்கட்டும் என்று அங்குலத்துக்கு 100 படவணு என்ற அளவில் வைத்துவிடுகிறார்கள். அப்போது ஒரு படவணு தாளில் கால் மில்லிமீட்டரைப் பிடித்துக்கொள்கிறது. சாதாரண எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓரிரு படவணுவில் அது மங்கிப்போகிறது, 'பத்து' 'பதது' ஆகிறது. அதை மறுபடி நகலெடுத்தால் அந்த மங்கலும் போய்விடும். ஆங்கில எழுத்துக்குப் போதும் என்று வைத்த அளவு தமிழுக்குப் போதாது. வழக்கமான கடிதத்துக்கு 300 வையுங்கள். பழைய பத்திரங்களுக்கும் பொடி எழுத்து அடிக்குறிப்புகளுக்கும் 600. இரு மடங்கு என்றால் கோப்பில் நான்கு மடங்கு படவணு சேரும், இடம் பிடிக்கும். ஆனால் தொலைந்த புள்ளியைப் பிறகு எந்த மென்பொருளாலும் உறுதியாக மீட்டுத்தர முடியாது.