கடல் ஓங்கலுக்குப் போகிறீர்களா? முதலில் அடிவாரத்தைப் பாருங்கள்

லண்டனுக்கு வரும் நம்மூர்க்காரர்கள் பலரும் இப்போது ஒரு நாளை ஒதுக்கி, இங்கிலாந்தின் தென்கடற்கரையில் கடல் ஓங்கல்களாக, அதாவது கடலோரச் செங்குத்துப் பாறைகளாக நிற்கும் செவன் சிஸ்டர்ஸ் பார்க்கப் போகிறார்கள். ஈஸ்ட்போர்ன் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. பர்லிங் கேப்பில் இறங்கினால் வெள்ளைவெளேரென்று குன்றுகள் வரிசையாகக் கடலைப் பார்த்து நிற்கும். விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டு எடுத்த படம், கோடை வந்தால் தவறாமல் என் வாட்ஸ்அப்பில் வந்து விழும். நான் பொறியியல் நிலவியல் படித்தவன். இந்தக் கடற்கரையின் ஓங்கல்களை அளந்து, எங்கே விரிசல், எங்கே சரிவு என்று குறித்துவைப்பதுதான் பிழைப்பு. அதனால் படத்தில் இருப்பவரின் சிரிப்பைப் பார்க்கும் முன்பே, அவர் உட்கார்ந்திருக்கும் புல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்றுதான் கண் போகும். பல படங்களில் ஒன்றும் இருப்பதில்லை. புல்லும் ஒரு சாண் மண்ணும் மட்டும் கடல் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் கடல் ஓங்கல், அலை அரித்த மேடை, கடல் குகை, கடல் தூண் என்று படம் வரைந்து பாகம் குறித்திருப்போம். பரீட்சைக்கு அது போதும். அந்தப் படத்தில் இல்லாதது காலம். ஓங்கல் ஒரு கோடு, மேடை ஒரு கோடு, இரண்டும் அசையாமல் நிற்கும். நேரில் அப்படியில்லை. கடல் வற்றும் நேரத்தில் பர்லிங் கேப் படிக்கட்டில் இறங்கி நின்றால், கூழாங்கற்களைத் தாண்டிக் கடலுக்குள் நீண்டு போகும் ஒரு பாறைத் தளம் தெரியும். ஏறக்குறைய சமமாக, மிக லேசான சரிவோடு, பாசி படிந்து, இடையிடையே வாய்க்கால் போன்ற பள்ளங்களோடு கிடக்கும். அதுதான் அலை அரித்த மேடை. அதன் ஒவ்வொரு அடியிலும் ஒரு காலத்தில் ஓங்கல் நின்றிருக்கிறது. அது பின்வாங்கிப் போனபோது விட்டுச்சென்ற அடித்தளத்தின் மேல்தான் நாம் நிற்கிறோம். இதை மனதில் வாங்கிக்கொண்டால் மேலே விளிம்பில் எப்படி நிற்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கிருக்கும் பாறை சாக் என்னும் மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடலடியில், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து இறுகியது. அதற்குள் வரிவரியாகச் சிக்கிமுக்கிக் கற்கள். இந்த இரண்டும் சேர்ந்திருப்பதில்தான் விஷயமே இருக்கிறது. அலை வந்து மோதும்போது பாறை வெடிப்புகளுக்குள் இருக்கும் காற்று நசுங்குகிறது. அலை பின்வாங்கியதும் சட்டென்று விரிகிறது. இப்படி அழுத்தியும் தளர்த்தியும் வெடிப்பு அகலமாகிறது. பாறை உடைந்து விழுந்தால் சாக் மாவாகிக் கரைந்து கடலைப் பால் நிறமாக்கிவிட்டுப் போய்விடும். சிக்கிமுக்கி மட்டும் அங்கேயே தங்கும். அதை அடுத்த அலை வாரியெடுத்து அதே ஓங்கலின் காலில் வீசும். தன்னை அடிக்கும் சம்மட்டியைத் தானே பெற்றுப்போடும் பாறை இது. ஆனால் அதே கற்கள் பெருங்குவியலாகக் கிடந்தால் கதை மாறும்: அலை குவியலிலேயே தன் பலத்தை இழந்துவிடும், பாறையைத் தொடாது. கொஞ்சமாகக் கிடந்தால் ஆயுதம், நிறையக் கிடந்தால் காவல்.

அலை எட்டும் உயரத்தில் அடிக்கால் குடையப்பட்டுக் கொண்டே போகும். சில இடங்களில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குக்கூட. மேலே இருக்கும் பாறைக்குத் தாங்கல் போய்விடுகிறது. ஏற்கெனவே இருக்கும் செங்குத்து வெடிப்பு ஒன்றின் வழியாகப் பாளமாகக் கழன்று விழுகிறது. விழுந்த குவியல் சில மாதங்கள் அடிக்காலை மூடிக் காப்பாற்றும். கடல் அதை அள்ளித் தின்று முடித்ததும் மறுபடி அடிக்காலுக்கு வரும். ஆகவே ஓங்கல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதில்லை. வருடக்கணக்கில் சும்மா நிற்கும், ஒரே நாளில் பல மீட்டர் போகும். 'ஆண்டுக்கு இவ்வளவு சென்டிமீட்டர்' என்று பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, இன்றைக்கு ஒன்றும் ஆகாது என்று விளிம்புக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது, அந்தச் சராசரியை எழுதாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றும்.

கடல் மட்டும் குற்றவாளி என்றும் நினைக்க வேண்டாம். சாக் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பாறை. தொடர்மழையில் ஊறினால் எடை கூடும், பலம் குறையும். குளிர்காலத்தில் உள்ளே ஊறிய நீர் உறைந்து விரிந்தால் பாறை பொடிப்பொடியாகப் பிளக்கும். அதனால்தான் மழையை அடுத்தும் உறைபனி உருகும்போதும் சரிவுகள் அதிகம். 1999 ஜனவரியில் பக்கத்திலுள்ள பீச்சி ஹெட் ஓங்கலில் பெரிய சரிவு நடந்தபோதும் அதற்கு முன் மழை நன்றாகப் பெய்திருந்தது.

மேடைக்கு வருவோம். கடலே போட்டுக்கொண்ட வேகத்தடை என்று அதைச் சொல்லலாம். ஓங்கல் பின்வாங்கப் பின்வாங்க மேடை அகலமாகிறது. அகலமான மேடையில் அலை உரசிக்கொண்டே வருவதால் ஓங்கலை அடைவதற்குள் சோர்ந்துவிடுகிறது. அப்படியானால் ஒரு கட்டத்தில் அரிப்பே நின்றுவிட வேண்டுமே? நிற்பதில்லை. ஏனென்றால் மேடையும் தேய்கிறது. நனைவதும் காய்வதும், உப்பும் பனியும் அதைச் செதுக்குகின்றன. போதாததற்கு உயிரினங்கள் வேறு. குனிந்து பார்த்தால் லிம்பெட் என்னும் கூம்பு வடிவ ஓட்டு நத்தைகள் பாறையில் ஒட்டியிருக்கும். கடல் ஏறும்போது நகர்ந்து பாசியைச் சுரண்டித் தின்றுவிட்டு, வற்றுவதற்குள் தன் இடத்துக்கே திரும்பிவிடும். பாசியோடு சேர்த்துப் பாறையையும் அது சுரண்டுகிறது. அது குடியிருந்த இடத்தில் அச்சு வார்த்ததுபோல் ஒரு வட்டக்குழி மிஞ்சும். பக்கத்திலேயே விரல் நுழையும் துளைகள் இருந்தால் அவை பிட்டக் என்னும் பாறை துளைக்கும் சிப்பியின் வேலை. ஒரு நத்தை என்ன செய்துவிடும் என்று கேட்கத் தோன்றும். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஆயிரக்கணக்கான வருடங்களாகச் சுரண்டுகின்றன.

இந்த மேடை ஒரு பதிவேடும்கூட. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் சிக்கிமுக்கியில் உள்ள குவார்ட்ஸில் படும்போது பெரிலியம்-10 என்னும் அரிய அணு உருவாகிறது. ஓங்கலுக்கு அடியில் புதைந்திருக்கும் வரை கல்லில் அது சேராது. ஓங்கல் விலகி வெயில் பட்ட நாளிலிருந்துதான் கணக்கு ஆரம்பம். மேடையின் பல இடங்களில் சிக்கிமுக்கியை வெட்டியெடுத்து அளந்தால், எந்த இடம் எப்போது வெளியே வந்தது என்று தெரிந்துவிடும். பீச்சி ஹெட்டிலும் ஹோப் கேப்பிலும் இப்படி அளந்த ஆய்வு 2016இல் வெளியானது. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் ஓங்கல் ஆண்டுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் வரைதான் பின்வாங்கியிருக்கிறது. கடைசி 150 ஆண்டுகளிலோ அது 22 முதல் 32 சென்டிமீட்டர்! காவலுக்குக் கிடந்த கூழாங்கல் கரை மெலிந்துபோனதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். கற்கள் இங்கே மேற்கிலிருந்து கிழக்காக நகர்பவை. வழியில் துறைமுகச் சுவரும் தூண்டில் வளைவும் போட்டால் அந்தப் பக்கம் தேங்கும், இந்தப் பக்கம் வெறிச்சோடும். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் ஒரே துறைமுகத்தால்தான்.

பர்லிங் கேப்பில் 1878இல் கடலோரக் காவலர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள் இருந்தன. ஒவ்வொன்றாக விளிம்பை எட்டி, ஒவ்வொன்றாக இடிக்கப்படுகின்றன. 2013-14 குளிர்காலப் புயல்களில், ஏழு ஆண்டுகளில் நடக்க வேண்டிய அரிப்பு இரண்டே மாதத்தில் நடந்ததாக, இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் சொன்னது. அந்த ஆண்டும் ஒரு வீட்டை இடித்தார்கள். பக்கத்துக் குன்றில் பெல் டூட் கலங்கரை விளக்கம். விளிம்பு சில மீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டதால், 1999 மார்ச்சில் அந்தக் கட்டடத்தை அப்படியே ஜாக்கி வைத்துத் தூக்கி 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். எடை சுமார் 850 டன். பெல் டூட்டுக்குப் பதிலாக 1902இலேயே கட்டிய புதிய கலங்கரை விளக்கத்தை எங்கே நிறுத்தினார்கள் தெரியுமா? கீழே, அலை அரித்த மேடையின் மேல்.

சரி, போகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

மேலே நடக்கும்போது, விளிம்புக்கு இணையாகப் புல்லில் ஓடும் கோடு எதுவானாலும் அதன் உள்பக்கம் வந்துவிடுங்கள். பல விரிசல்கள் புல் மூடிக் கிடப்பதால் தெரியவே தெரியாது. தெரியாததை இல்லை என்று எண்ண வேண்டாம். வேலி இருந்தால் அது எப்போதோ போட்ட வேலி, விளிம்பு அதற்குப் பிறகும் நகர்ந்திருக்கும். குறைந்தது ஐந்து மீட்டர் உள்ளே நில்லுங்கள். படம் எடுப்பவர் பின்னால் போகும்போது அவர் காலையும் யாராவது ஒருவர் பாருங்கள்.

கீழே இறங்கினால் நிறத்தைப் பாருங்கள். மழையும் வெயிலும் பட்ட சாக் சாம்பல் பூத்திருக்கும். பளிச்சென்ற வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தால் அங்கே அண்மையில் விழுந்திருக்கிறது. கீழே கிடக்கும் கற்களின் முனை கூராக, உடைந்த சிக்கிமுக்கி கன்னங்கரேலென்று பளபளத்தால் அது இன்னும் புதிது. நாள்பட்ட கற்களை அலை உருட்டி மழுக்கியிருக்கும். மேலிருந்து சிறு கற்கள் உதிரும் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், கடல் பக்கம் விலகிப் போய்விடுங்கள். நிழலுக்காக ஓங்கலை ஒட்டி ஜமுக்காளம் விரித்துக் கட்டுச்சோற்றைப் பிரிக்கும் குடும்பங்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஓங்கலின் உயரம் அளவுக்காவது தள்ளி உட்கார வேண்டும். 2012 ஜூலையில் இதே தென்கடற்கரையில் டோர்செட் மாவட்டத்தின் பர்ட்டன் பிராட்ஸ்டாக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண் பாறைச் சரிவில் இறந்துபோனார். 2019 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் என்சினிடாஸில் ஓங்கலடியில் கூடியிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பெண்கள் இறந்தார்கள். இரண்டுமே கோடைக்காலக் கடற்கரைகள்தான்.

அப்புறம் ஓதம், அதாவது கடல் ஏறுவதும் வற்றுவதும். நம்மவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இதில். சென்னையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆறு மீட்டர் வரை போகும். நீங்கள் நடந்துபோன அந்த அகல மேடை சில மணி நேரத்தில் முழுக்க நீருக்கடியில். பர்லிங் கேப்புக்கும் செவன் சிஸ்டர்ஸின் மறுமுனையான கக்மியர் ஹேவனுக்கும் நடுவே ஓங்கல் மேல் ஏற வழியே கிடையாது. கடல் வற்றும் நேரத்தை இணையத்தில் பார்த்துக்கொண்டு, வற்றி முடிவதற்குள் திரும்ப ஆரம்பித்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் 999ஐ அழைத்து 'கோஸ்ட்கார்ட்' என்று கேளுங்கள். ஓங்கலில் ஏறித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், கைப்பிடித்த பாறை கையோடு வந்துவிடும்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றினால், திருவனந்தபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கேரளத்தின் வர்க்கலா இருக்கிறது. குமரி மாவட்டத்து முட்டத்தின் கரும்பாறைகள் வேறு ரகம். அவை கடினமானவை, ஒரு மனித ஆயுளில் தேய்வது கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஆபத்து வழுக்கலும் திடீர் அலையும்தான். வர்க்கலாவின் ஓங்கல் மேலே செம்புரைக்கல், கீழே மணற்கல்லும் களிமண்ணும். மேலே விழும் மழை செம்புரைக்கல்லின் துளைகள் வழியாக இறங்கி, களிமண்ணைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. அந்தக் கசிவோடு அடியிலுள்ள மணலும் வெளியேறும். மேலே இருக்கும் கெட்டியான செம்புரைக்கல் தாங்கலில்லாமல் பாளமாக விழும். கடல் கீழிருந்து செய்யும் வேலையை இங்கே நிலத்தடி நீரும் நடுவிலிருந்து செய்கிறது. அகலமான பாறை மேடையெல்லாம் இங்கே எதிர்பார்க்க முடியாது; விழுந்த செம்புரைக்கல் பாறைகளும் மணலும்தான் அடிவாரம்.

அதனால் இந்த மாதிரி ஓங்கலுக்கு அடியில் கல் கொட்டிச் சுவர் எழுப்பினால் மட்டும் பாதி வேலைகூட முடியாது. மேலே கூரையிலிருந்து வடியும் தண்ணீர், தோட்டத்துக்கு ஊற்றும் தண்ணீர், ஊறவிடும் கழிவுநீர்க் குழி எல்லாம் அதே களிமண் மட்டத்துக்குத்தான் போய்ச் சேரும். விளிம்பை ஒட்டிய விடுதியில் அறை எடுக்கிறீர்கள் என்றால், கடல் தெரிகிற ஜன்னல் உண்டா என்று கேட்கும்போதே குளியலறைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.