ஆயாவின் கை என்ன செய்கிறது?

"கையை இப்படி இப்படி இழுக்குறாங்க டாக்டர், வலிப்பா என்னன்னு வந்து பாருங்க" என்று ஆயாவின் மருமகள் போன் செய்தபோது மணி காலை ஏழுகூட ஆகவில்லை. நாகை மாவட்டத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிற சின்ன ஊர் அது. இரண்டு தெரு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு ரேஷன் கடை, அவ்வளவுதான். வேலை செய்கிற வயசுக்காரர்கள் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட, ஊரில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் சில வருடங்களாக என் வேலை.

ஆயா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை எதையோ இறுக்கிப் பிடித்த மாதிரி மூடியிருந்தது. வலது கை அதிலிருந்து எதையோ கிள்ளி எடுத்து, மூன்று விரலால் பாயில் அழுத்தியது. திரும்பக் கிள்ளி, அரைச் சாண் தள்ளி அழுத்தியது. கூப்பிட்டால் நிமிர்ந்து பார்த்தார், கையைப் பிடித்தால் நிறுத்தினார், விட்டால் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். வலிப்பு இப்படி இருக்காது. நான் டார்ச்சை வைத்துக்கொண்டு கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, கூட வந்த சுகாதாரத் தன்னார்வலர் அக்கா வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஆயா நடவு நடுறாங்க டாக்டர்."

அவர் நினைப்பில் இடது கையில் இருந்தது நாத்துமுடி, அதாவது நெல் நாற்றுக் கட்டு. அறுபது வருஷம் சேற்றில் குனிந்து, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து நட்ட கை அது. மறதி நோய் வந்து, காலையில் சாப்பிட்டோமா என்பதே மறந்துபோன பிறகும் அந்தக் கைக்கு வேலை மறக்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கதவைத் தட்டுகிறார், வெளியே ஓடப் பார்க்கிறார் என்று மருமகள் சொன்னதற்கும் அதுதான் காரணம். நடவுக்கு ஆள் கூப்பிடுகிற நேரம் அது. அதற்கு முந்தின மாதம், இதெல்லாம் தெரியாமல், ராத்திரியில் தூங்கட்டும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தவள் நான்தான். பகலெல்லாம் மயங்கிக் கிடந்து ஒரு தடவை விழுந்தும்விட்டார். மாத்திரையை நிறுத்தினோம். நாலு மணிக்கு எழுந்தால் மருமகளும் எழுந்து ஒரு டம்ளர் காபியைக் கையில் கொடுத்து, "இன்னும் விடியல ஆயா, தண்ணி பாயட்டும்" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார வைக்கிறார். பெரும்பாலான நாள் அதுவே போதுமானதாக இருக்கிறது.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இந்த நோயில் பெரும்பாலும் சமீபத்திய நினைவுகள்தான் முதலில் போகும், இளம் வயது நினைவுகள் நீண்ட காலம் தங்கும். ஆகவே ஒரு பெரியவரின் சின்ன வயசு வாழ்க்கை நமக்குத் தெரியவில்லை என்றால், இன்றைக்கு அவர் எந்த ஊரில், எந்த வருஷத்தில் இருக்கிறார் என்பதே நமக்குப் புரியாது.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குழப்பம் மாதக்கணக்கில் மெல்ல வந்தால் அது மறதி நோயாக இருக்கலாம். ஆனால் நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இரண்டே நாளில் ஆளைத் தெரியாமல் உளறினால் அதை "வயசாயிடுச்சு" என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் சோடியம் குறைவது, தண்ணீர் போதாமல் போவது, நாலு நாள் மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். இவற்றில் பல சரிசெய்யக் கூடியவை. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

வாழ்க்கைக் கதை கேட்பதை நேரம் இருந்தால் செய்கிற நல்ல காரியம் என்றுதான் நானும் முன்பு நினைத்திருந்தேன். அதே தெருவில் இன்னொரு ஆயா, படி ஏறினாலே மூச்சு வாங்கும், நாள்பட்ட இருமல். பீடி சுருட்டு எதுவும் தொட்டதில்லை, அதனால் ஆஸ்துமா என்றே ஒவ்வொரு இடத்திலும் எழுதியிருந்தார்கள். ஒருநாள் சும்மா பேசிக்கொண்டிருந்தபோது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பண்ணைக்கு நெல் அவித்த கதையைச் சொன்னார். ராத்திரி முழுக்கப் பெரிய அண்டாவில், உமியும் விறகும் போட்டு எரித்து, அந்தப் புகையிலேயே முப்பது வருஷம். பிள்ளைகளுக்குச் சமைத்த அடுப்புப் புகை அதற்கு மேல். மூச்சை ஊதி அளக்கும் பரிசோதனைக்கு அனுப்பினோம். சிகரெட் பிடிப்பவர்களுக்கு வரும் அதே நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்தான். அதற்கேற்ற இன்ஹேலர் கொடுத்த பிறகு இப்போது கோயில்வரை நடந்து வருகிறார். பக்கம் பக்கமாக இருந்த பழைய சீட்டுகளில் ஒன்றில்கூட அவர் என்ன வேலை செய்தார் என்ற ஒரு வரி இல்லை.

வயசும் அப்படித்தான். இந்த ஊர்ப் பெரியவர்களில் பலருக்கு ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1. யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. ஒருவருக்கு ஆதார்படி 74. ஆனால், "அம்பத்திரண்டு புயல்ல தம்பிய இடுப்புல தூக்கிக்கிட்டுக் கோயிலுக்கு ஓடுனேன், எனக்கு எட்டு ஒம்பது வயசு" என்கிறார். கணக்குப் போட்டால் எண்பதைத் தாண்டிவிட்டது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிட வயது வேண்டும், அதை வைத்துத்தான் பல மருந்துகளின் அளவை முடிவு செய்கிறோம். அதனால் நான் பிறந்த வருஷத்தைக் கேட்பதில்லை. 1952 புயலா, அண்ணா இறந்த 1969ஆ, 1977 நவம்பர் புயலா, எம்.ஜி.ஆர். இறந்த மார்கழியா, அப்போது உங்கள் பெரிய பிள்ளை நடந்தானா, தவழ்ந்தானா என்று கேட்கிறேன்.

ஒரு தாத்தா சர்க்கரை நோய்க்குக் கோதுமை சாப்பிடச் சொன்னால் தட்டையே நகர்த்திவிடுவார். பிடிவாதம் என்று மகன் சண்டை போட்டார். கேட்டால், அறுபதுகளில் அரிசி கிடைக்காமல் கோதுமையும் மக்காச்சோள மாவுமே கஞ்சியாகக் குடித்த காலத்தைச் சொல்கிறார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வார்த்தைக்காகவே 1967இல் ஓட்டுப் போட்ட தலைமுறை அது. கோதுமை அவருக்குப் பஞ்சத்தின் ருசி. சோற்றின் அளவைக் குறைத்து, கீரையும் காயும் கூட்டினோம், பிரச்சினை முடிந்தது.

முதுமையில் பழங்கதை பேசுவது மூளை தளர்ந்ததன் அறிகுறி என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நினைத்தது. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் அதை மறுத்தார். முடிவு நெருங்கும்போது மனிதர் தன் வாழ்க்கையைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது இயல்பு, தேவையானதும்கூட என்றார். அதை நான் இந்த ஊர்த் திண்ணைகளில் தினமும் பார்க்கிறேன்.

கேட்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். "உங்க வாழ்க்கையச் சொல்லுங்க" என்றால் "என்ன இருக்கு சொல்ல" என்றுதான் பதில் வரும். நெல் அளக்கும் மரக்காலையோ பழைய அரிவாளையோ கையில் கொடுத்துப் பாருங்கள். டிவியை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, மெதுவாகப் பேசுங்கள், பலருக்குக் காது மந்தம். இருபது நிமிஷம் போதும். தேதி தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம். பதிவு செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடவும் தனியாக அனுமதி கேளுங்கள். சில கதவுகளைத் தட்டவே கூடாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்ட மாவட்டம் இது. கூலி, பண்ணை என்று பேச்சு எடுத்தவுடனே சில தாத்தாக்கள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அவர்களாகச் சொன்னால் கேட்கிறேன்.

நடவு ஆயாவின் பேத்தி காலேஜ் படிக்கிறாள். நான் சொன்னதைக் கேட்டு, போனை எடுத்துக்கொண்டு ஆயாவை நடவுப் பாட்டுப் பாடச் சொன்னாள். ஆயா இரண்டு வரி பாடினார், மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். திரும்ப அதே இரண்டு வரி. அப்போது எதிர்வீட்டு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த இன்னொரு ஆயா, தலையை நிமிர்த்தாமலே மூன்றாவது வரியை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேருமாகக் கொஞ்ச தூரம் போனார்கள்.

எதிர்வீட்டு ஆயாவுக்கும் எண்பது தாண்டிவிட்டது. "அவங்ககிட்ட பொங்கல் லீவுல வந்து முழுசா வாங்கிக்கிறேன் டாக்டர்" என்றாள் அந்தப் பெண். கீரை ஆய்ந்து முடிப்பதற்குள் போய் உட்காரு என்று அனுப்பி வைத்தேன்.