கால் அடிபட்டவர் பாடிபோர்டு வாங்கும் முன்

எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொன்னதும், "மேடம், கடல்ல எப்ப இறங்கலாம்?" என்றுதான் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். ராமநாதபுரத்தில் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு இது பழகிய கேள்வி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கோடு விழுந்து கரண்டைக்கால் உடைந்தவர்கள், கபடியில் முட்டி ஜவ்வு கிழிந்தவர்கள், படகிலிருந்து குதித்தபோது பாதம் மடங்கியவர்கள் எனப் பலரும் கடலோரத்திலேயே வளர்ந்தவர்கள். எழுந்து நின்று சறுக்கும் சர்ஃபிங் பலகை இப்போதைக்கு ஆகாது என்பது அவர்களுக்கே தெரியும். "படுத்துக்கிட்டுத்தானே போகப்போறேன்" என்று பாடிபோர்டு பக்கம் வருகிறார்கள்.

அந்த எண்ணம் பாதி சரி. 1971-இல் ஹவாயில் டாம் மோரி உருவாக்கிய இந்தக் குட்டைப் பலகையில் பெரும்பாலும் குப்புறப் படுத்துத்தான் போவார்கள். அலை தள்ளிக்கொண்டு போகும் சில விநாடிகளில் காலுக்கு வேலை குறைவு. ஆனால் அலை வரை போய்ச் சேர்வதும், அலை தீர்ந்தபின் எழுந்து நிற்பதும் காலை நம்பித்தான். திரும்பவும் கால் வீங்கி என்னிடம் வருகிறவர்களில் சறுக்கும்போது அடிபட்டவர்கள் குறைவு. முட்டியளவு தண்ணீரில், காலடி மணலை அலை அரித்துக்கொண்டு போகும்போது, உடம்பு ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமுமாகத் திரும்பியவர்கள்தான் அதிகம். அதனால் எந்தப் பலகை காலுக்கு வேலை குறைவாக வைக்கும் என்பதைத்தான் வாங்கும்போது பார்க்க வேண்டும்.

முதலில் அளவு. பலகையைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து நின்றால் அதன் நுனி தொப்புள் அருகே வரவேண்டும். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 41 அங்குலம். 'கால் சரியில்லை, நல்லா மிதக்கட்டும்' என்று 45 அங்குலம் வாங்குகிறவர்கள் உண்டு. நீளம் கூடினால் தொடை பலகை மேல் ஏறிவிடும். அப்புறம் இடுப்பிலிருந்து உதைக்க வராது, முட்டிக்குக் கீழே மட்டும் வெடுக்வெடுக்கென்று உதைப்பீர்கள். ஆறிவரும் ஜவ்வுக்கு அந்த உதை ஆகாது. நம் ஊர்க் காற்றில் பெரிய பலகையை நொண்டிக்கொண்டே தூக்கி நடப்பதும் லேசான வேலை இல்லை. கூடுதல் மிதப்பு வேண்டுமென்றால் நீளத்தை விட்டுவிட்டு அகலத்திலும் தடிமனிலும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது உள்ளே இருக்கும் நுரை. மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் தெர்மாகோல் மேல் துணி ஒட்டியவை. இவற்றை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். நடு அலையில் இரண்டாக ஒடிந்தால், யோசிக்க நேரமில்லாமல் கால் தரையைத் தேடிப் போகும். அதுவும் முழு எடையோடு, அடிபட்ட கால் முன்னால் போனாலும் போகும். உடைந்த தெர்மாகோல் உருண்டைகள் கடலில் கலப்பது இன்னொரு கவலை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா வைத்துக் காப்பாற்றுகிற ஊர் நம்முடையது. பாலிஎத்திலீன் நுரை நன்றாக வளையும், குளிர்ந்த கடலுக்கு ஏற்றது. நம் வெதுவெதுப்பான தண்ணீரில் அது இன்னும் தொளதொளத்துப்போகும். விறைப்பாக நிற்கும் பாலிபுரொப்பிலீன் நுரை இங்கே பொருந்தும். எதை வாங்கினாலும் வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், ஒட்டு விட்டுக் கொப்பளிக்கும்.

பலகையோடு வரும் சுருள் கயிற்றைப் புஜத்திலோ மணிக்கட்டிலோ கட்டுங்கள். சர்ஃபிங் பார்த்துப் பழகியவர்கள் அதைக் காலில் கட்டிக்கொள்கிறார்கள். அலை பலகையை இழுக்கும்போது அந்த இழுப்பு முழுவதும் முட்டிக்குத்தான் போகும்.

அப்புறம் ஃபின்ஸ். காலில் மாட்டும் இந்த ரப்பர் துடுப்பு தண்ணீரைத் தள்ளுகிற அளவுக்குக் கரண்டையையும் முட்டியையும் இழுக்கும். ஆரம்ப வாரங்களில் வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் நின்று, உடைந்து நுரையாக வரும் சிறு அலையில் நல்ல காலால் உந்திப் படுத்தால் போதும். பிறகு வாங்குவதானால், கடைக்குச் சாயங்காலம் போங்கள். எலும்பு முறிந்து ஆறிய பாதம் காலையில் ஒரு அளவு, மாலையில் வேறு அளவு. காலையில் கச்சிதமாக இருந்தது மாலையில் இறுக்கும். கரண்டையின் வெளிப்பக்கம் பிளேட் வைத்தவர்கள், குதிகால் பட்டை எங்கே உட்காருகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் ஸ்குரூ தட்டுப்படும் இடத்திலேயே பட்டை உரசினால் அந்த ஜோடி உங்களுக்கு ஆகாது. மாட்டிக்கொண்டு மணலில் நடக்காதீர்கள், தண்ணீருக்குள் போய் மாட்டுங்கள்.

இவ்வளவும் இறங்க அனுமதி கிடைத்தவர்களுக்குத்தான். தையல் போட்ட இடம் முழுதாக மூடி, டாக்டர் சரி சொல்லியிருக்க வேண்டும். அதன்பின் கரையிலேயே சோதித்துப் பாருங்கள். இளகிய மணலில் நொண்டாமல் நடக்க வருகிறதா? அடிபட்ட காலில் மட்டும் அரை நிமிடம் நிற்க முடிகிறதா? அதே காலில் குதிகாலை வலியில்லாமல் பலமுறை தூக்க முடிகிறதா? முடியாவிட்டால் கடல் காத்திருக்கட்டும். ஜவ்வு ஆபரேஷன் செய்தவர்கள் ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்திருப்பவர்களுக்குச் சிப்பி கிழித்தது கூடத் தெரியாது. அவர்கள் அடிப்பாகம் கெட்டியான கடல் செருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம்.

இடத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தனுஷ்கோடி, அரிச்சல்முனை வேண்டவே வேண்டாம். அங்கே நீரோட்டத்தை நல்ல கால் உள்ளவர்களே சமாளிக்க முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், அரியமான் பக்கம் வடகடல் (பாக் விரிகுடா) குளம் மாதிரி கிடக்கும். அதை நம்பித்தான் போகிறார்கள். ஆனால் அப்போது காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது. பலகையில் படுத்திருப்பவரை ஓசைப்படாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். ஒற்றைக் காலால் உதைத்து எதிர்க்காற்றில் திரும்புவது பெரும்பாடு. ஆகவே நெஞ்சளவைத் தாண்டாதீர்கள், நீந்தத் தெரிந்த ஒருவர் கூடவே தண்ணீரில் நிற்கட்டும். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், பாதத்தைத் தூக்கி வைக்காமல் உரசியபடி நடங்கள்.

கரைக்கு வரும்போது இடுப்பளவு தண்ணீரில் குதித்து நிற்க வேண்டாம். கை மணலைத் தொடும் வரை படுத்தே வந்து, நல்ல காலை முதலில் ஊன்றி எழுந்திருங்கள். பலகையைக் கடல் பக்கமாகப் பிடித்து நடந்தால் அடுத்த அலை அதை உங்கள் முட்டியிலேயே கொண்டுவந்து மோதும்.

அன்று ராத்திரி கால் கொஞ்சம் வீங்குவது சகஜம். காலையிலும் வற்றாமல் இருந்தால் அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அது வேறு விஷயம், ரத்தம் உறைந்திருக்கலாம். வீட்டில் எண்ணெய் போட்டு நீவிவிடச் சொல்லாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.