கே காட்டுக்குள்ள ஒரு ஜே

"லினக்ஸ் கெர்னல் லாக்ல வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை மெமரி வார்னிங் வருது, ரீபூட் பண்ணா கொஞ்ச நாள் சத்தமே இல்ல, ரேம் போச்சா இல்ல சாஃப்ட்வேர் கோளாறான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதே கேள்விய வச்சுக்கிட்டு நானும் ஒரு காலத்துல மூணு வாரம் மண்டைய உடைச்சிருக்கேன், அதனால அந்தக் கதைய வச்சே சொல்லிடறேன்.

அடிப்படை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். கெர்னல், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி, பெரும்பாலும் சி மொழியில எழுதினது, மெமரி வேணும்னா கேட்டு வாங்கணும், வேலை முடிஞ்சா திருப்பித் தரணும். தந்த பிறகும் பழைய அட்ரஸ கையில வச்சுக்கிட்டு அதுல எழுதினா வம்பு, ஏன்னா அந்த இடம் அதுக்குள்ள வேற யாருக்காவது போயிருக்கும். கடைசியா திரும்பி வந்த மெமரித் துண்டைத்தான் கெர்னல் பெரும்பாலும் முதல்ல எடுத்துக் குடுக்கும் (சிபியூவோட வேகமான குட்டி மெமரியான கேஷ்ல இன்னும் சூடா இருக்கும்னு), அதனால சம்பந்தமே இல்லாத ஒருத்தனோட டேட்டா கெட்டுப்போய், சம்பந்தமே இல்லாத நேரத்துல மெஷின் படுக்கும்.

இதைப் பிடிக்க கெர்னல்ல ஒரு பழைய தந்திரம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். பேரு பாய்சனிங், விஷம் வைக்கிறது. டீபக் வசதிய ஆன் பண்ணிட்டா, திரும்பி வர்ற ஒவ்வொரு துண்டுலயும் எல்லா பைட்டுலயும் 107ங்கிற எண்ணை நிரப்பிடும், கடைசி பைட்ல மட்டும் 165. அடுத்த தடவை அந்தத் துண்டை யாருக்காவது குடுக்கறதுக்கு முன்னாடி, வச்சது வச்சபடி இருக்கான்னு பார்க்கும். ஒரு பைட் மாறியிருந்தாலும் நடுவுல எவனோ கை வச்சிருக்கான்னு அர்த்தம். எழுத்துக்கு எண் குடுக்கிற ஆஸ்கி கணக்குல 107ன்னா சின்ன எழுத்து 'கே'. அதனால லாக்ல அந்த மெமரிய அச்சடிச்சா வரி வரியா கேகேகேகேகேன்னு ஓடும், பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும்.

கவனிங்க, சோதனை நடக்குறது அடுத்த ஆள் வாங்கும்போதுதான். குற்றம் நடந்தது எப்பவோ. வார்னிங்ல பேர் வர்ற ப்ராசஸ், அதாவது அப்போ ஓடிக்கிட்டிருந்த ப்ரோக்ராம், பாவம், பிணத்தைப் பார்த்துட்டு போலீசுக்குப் போன் பண்ணினவன், அவ்வளவுதான். அந்தத் துண்டு உடனே கை மாறிட்டா விஷம் அழிஞ்சுடும், அப்புறம் அதுல யார் எழுதினாலும் இந்தச் சோதனைக்குத் தெரியாது. எப்பவாவது மட்டும் வர்றதுக்கு பாதிக் காரணம் இதுதான்.

எங்களுக்கு வந்த வார்னிங்ல பதினாறு எழுத்து உள்ள ஒரு வரி. முதல் எழுத்து 'ஜே', மிச்சம் பதினைஞ்சும் 'கே'. அது மெமரியத் துண்டு போட்டுக் குடுக்கிற பழைய ஸ்லாப் அலோகேட்டர் இருந்த காலம் (2024ல கெர்னல்லேர்ந்தே அதைத் தூக்கிட்டாங்க), அதுல ஒரு புத்திசாலித்தனம் உண்டு: ஒரே ஒரு பைட், அதுலயும் அந்த பைட்டோட எட்டு பிட்ல (0 இல்ல 1) ஒரே ஒரு பிட் மாறியிருந்தா, ரேம் கெட்டிருக்கலாம், ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் ஓட்டிப் பாருன்னு அதுவே யோசனை சொல்லும். எங்களுக்கும் சொல்லுச்சு. 107 பைனரில 01101011, ஜே 106, அதாவது 01101010. கடைசி பிட் மட்டும் ஒண்ணுலேர்ந்து பூஜ்யம். பச்சை ரேம் கோளாறு. நாலு நாள் மெம்டெஸ்ட் ஓட்டினோம், ஒண்ணும் இல்ல, மனசு கேக்காம ரேமையே மாத்தினோம், அடுத்த வாரம் அதே வார்னிங் அதே ஜே.

இந்தக் கட்டத்துல எவனாவது ஒருத்தன் கண்டிப்பா "காஸ்மிக் கதிரா இருக்கும்"னு ஆரம்பிப்பான். கதிரியக்கத்தால பிட் மாறுறது நிஜம்தான், சிப்போட உறையில கலந்திருந்த துளி கதிரியக்கப் பொருள்லேர்ந்து வந்த ஆல்ஃபா துகள் பிட்டை மாத்துதுன்னு இன்டெல் ஆட்களே 1970களோட கடைசியில கண்டுபிடிச்சிருக்காங்க. ஆனா புரியாத பக்குக்கெல்லாம் விண்வெளியக் கைகாட்டுறது, வீட்டுல நடக்குற எல்லாத்துக்கும் கிரகக்கோளாறுன்னு சொல்ற மாதிரிதான், கோட் போட்ட ஜாதகம். எந்தக் கதிரும் வாரா வாரம் வந்து 64 பைட் துண்டுல சரியா பதினேழாவது பைட்டைத் தேடிப் பிடிச்சு அடிக்காது. எங்க ஜே ஒவ்வொரு தடவையும் அதே பதினேழாவது இடம் (லாக் வரிக்குப் பதினாறு பைட்டா அச்சடிக்கும், அதனால ரெண்டாவது வரியோட முதல் எழுத்து), ஆனா மெமரி அட்ரஸ் மட்டும் வேற வேற. ரேம்ல செல் செத்திருந்தா இதுக்கு நேர் எதிரா இருந்திருக்கணும், அட்ரஸ் மாறாது, துண்டுக்குள்ள இடம் மாறும்.

அப்புறம்தான் பொறி தட்டுச்சு. 106ங்கிறது ஒரு பிட் மாறின 107 மட்டும் இல்ல, 107லேர்ந்து ஒண்ணைக் கழிச்சாலும் 106தான்! விட்டுட்டுப் போன துண்டுக்குள்ள ஒரு கவுன்ட்டர் இருந்து, யாரோ லேட்டா வந்து அதுலேர்ந்து ஒண்ணு குறைச்சா, அச்சு அசலா ரேம் கோளாறு மாதிரியே தெரியும். ரெண்டைக் கழிச்சா 105, 01101001, அதுவும் ஒரே பிட் வித்தியாசம்! கவுன்ட்டர் இருக்கிற நாலு பைட்டையும், விஷம் நிரம்பினபடியே, சேர்த்து ஒரு எண்ணா படிச்சா 1,802,201,963, சுமார் 180 கோடி, அதுலேர்ந்து ஒண்ணு போனா எந்த கவுன்ட்டரும் பூஜ்யத்துக்குக் கீழ போயிடுச்சேன்னு கத்தப் போறதும் இல்ல.

சரி, ரெண்டையும் எப்படிப் பிரிக்கிறது? விஷத்தையே மாத்தினோம். 107க்கு பதிலா 108ன்னு கெர்னல் ஹெடர்ல ஒரு எண்ணை மாத்தி கம்பைல் பண்ணோம். 108ன்னா 01101100, ஒண்ணைக் கழிச்சா 01101011, மூணு பிட் ஒரே நேரத்துல மாறணும். ரேம் கோளாறா இருந்தா வழக்கம்போல ஒரு பிட்தான் மாறும். போட்டுட்டுக் காத்திருந்தோம், அஞ்சாவது நாள் காலையில லாக்ல எல்எல்எல்எல்னு ஓடற வரியோட தொடக்கத்துல ஜம்முனு ஒரு கே. நான் நாற்காலிய விட்டு எழுந்தே நின்னுட்டேன்.

கேசான்னு ஒரு கருவி 2015லயே கெர்னலுக்கு வந்தாச்சே, அதை ஓட்டியிருக்கலாமேன்னு கேப்பீங்க. ஓட்டினோம். அது ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வச்சு ஒவ்வொரு அணுகலையும் சரிபார்க்கும், அருமையான சாமான், ஆனா மெஷின் மெதுவாகிடும், மெதுவானதும் எங்க பக் வரவே இல்ல, நேரம் பிசகினாத்தான் வர்ற ஜாதி அது. இப்போ 2021லேர்ந்து கேஃபென்ஸ் இருக்கு, சாதாரணமா 100 மில்லிசெகண்டுக்கு ஒரு துண்டை மட்டும் தனிக் காவல்ல வைக்கும், வேகம் பெருசா குறையாது, மாசக்கணக்குல ஓட விடலாம். புது ஃபீச்சருக்குக் கிடைக்கிற காசுல கால்வாசி இந்த மாதிரி கருவி எழுதுறவங்களுக்குப் போகணும்ங்கிறது என் கட்சி, அதைத் தனியா ஒரு நாள் பேசலாம்.

கவுன்ட்டர்னு தெரிஞ்சதும் மீதி அரை நாள் வேலை. பதினேழாவது பைட்ல கவுன்ட்டர் இருக்கிற ஸ்ட்ரக்சர் (டேட்டா அமைப்பு) எது, அந்தத் துண்டைக் கடைசியா விட்டது எந்த ஃபங்ஷன்னு லாக்லயே இருந்துச்சு, எங்க டிவைஸ் டிரைவரோட கிளீனப் ஃபங்ஷன். அது டைமரை கேன்சல் பண்ணிட்டு மெமரிய விடுது, பார்க்க ஒழுங்காத்தான் இருக்கு. ஆனா அந்த கேன்சல் வரிசையில நிக்கிற டைமரைத்தான் எடுக்கும், இன்னொரு சிபியூல அந்த நொடியே ஓடிக்கிட்டிருக்கிற டைமர் ஃபங்ஷன் முடியுறவரைக்கும் நிக்காது, அது பாட்டுக்கு ஓடி அதோட கடைசி வரியில கவுன்ட்டரை ஒண்ணு குறைச்சிட்டுப் போகுது, அதுக்குள்ள இங்க மெமரிய விட்டாச்சு. முடியுறவரைக்கும் காத்திருக்கிற வகையும் கெர்னல்லயே இருக்கு, அதே பேர், பின்னாடி 'சிங்க்'னு சேர்த்தா போதும். சேர்த்தோம். கழட்டி வச்சிருந்த பழைய ரேம் இப்போ வேற மெஷின்ல ஓடிக்கிட்டிருக்கு.