டெர்மினுஸ்: முனையம் அன்று, எல்லைக்கல்

உரோமானியரின் டெர்மினுஸ் என்னும் தெய்வத்தை ‘முனையக் கடவுள்’ என்று எழுதும் வழக்கத்தை அடிக்கடி காண நேர்கிறது. அண்மையில் நான் மெய்ப்புப் பார்த்த மொழிபெயர்ப்பு ஒன்றில், ‘முனையத்திற்கு மேலே கூரையில் துளை விட்டிருந்தனர்’ என்றே ஒரு வரி இருந்தது. அதைப் படிப்பவர் பேருந்து நிலையத்தைத்தான் நினைப்பார்.

இலத்தீனில் டெர்மினுஸ் என்பது நிலத்தின் எல்லையையும் அங்கே நட்ட கல்லையும் குறிக்கும் சொல். கிரேக்கத்தின் டெர்மா, டெர்மோன் ஆகியவை அதற்கு உறவு. வண்டி சென்று நிற்கும் கடைசி நிலையத்திற்கு ஆங்கிலத்தார் அச்சொல்லை வழங்கியது 19ஆம் நூற்றாண்டில்தான். அந்தப் பிற்காலப் பொருளுக்கு நாம் ஆக்கிக்கொண்ட ‘முனையம்’ விமான நிலையத்திற்குப் பொருந்தும். அதையே ஈராயிரம் ஆண்டு பின்னோக்கி இழுத்துச் சென்று ஒரு கல்லின் மேல் ஏற்றுவது பிழை.

முனை என்பது ஒன்று போய் முடியும் இடம். எல்லைக்கல்லோ இரண்டு நிலங்கள் சந்திக்கும் இடத்தில், இருவருக்கும் பொதுவாக நிற்பது. இத்தெய்வத்திற்கு பிப்ரவரி 23-இல் நடந்த டெர்மினாலியா விழாவை உரோமானியக் கவிஞர் ஓவிட், திருநாள்களைப் பாடும் தம் ‘ஃபாஸ்டி’ என்னும் நூலில் விரித்துரைக்கிறார்: அண்டை நிலத்தார் இருவரும் அவரவர் பக்கத்திலிருந்து வந்து ஒரே கல்லுக்கு மாலையும் பணியாரமும் படைக்கின்றனர், வீட்டுக்காரி தன் அடுப்பு நெருப்பை உடைந்த ஓட்டில் ஏந்தி வருகிறாள், சிறுவன் கூடையில் வைத்திருக்கும் தானியத்தை மூன்று முறை தீயில் இடுகிறார்கள், சிறுமி தேனடைத் துண்டுகளை நீட்டுகிறாள். இந்தக் கல் இல்லாவிட்டால் வயல்தோறும் வழக்குத்தான் என்பது ஓவிட்டின் கருத்து. இதில் முனையோ முடிவோ எங்கே இருக்கிறது?

‘முனையக் கடவுள்’ என்பதைவிட ‘எல்லைத் தெய்வம்’ நன்று. ஆயினும் எனக்கு நிறைவில்லை. நம் வழக்கில் அது ஊரைக் காக்கும் காவல் தெய்வத்தை நினைவூட்டும். டெர்மினுஸ் எல்லையில் உலவும் காவலன் அல்லன். நட்ட கல்லே அவன். கல் நடும்போது குழியில் பலியின் குருதியை வடித்து, சாம்பிராணியும் தானியமும் தேனடையும் மதுவும் இட்டு எரித்து, அந்தச் சூடான சாம்பலின் மேலேயே கல்லை நிறுத்தினர் என்று உரோமானிய நில அளவை நூலார் சிகுலுஸ் ஃபிளாக்குஸ் எழுதுகிறார். உரோம் நகரின் கப்பித்தோலியக் குன்றில் தலைமைத் தெய்வமான யூப்பிட்டருக்குக் கோயில் எடுத்தபோது பிற தெய்வங்கள் இடம்விட்டு விலக, டெர்மினுஸ் மட்டும் அசைய மறுத்தான் என்பது மரபு. ஆகவே அக்கல் கோயிலுக்குள்ளேயே நின்றது. அதற்கு வானம் தெரிய வேண்டும் என்பதற்காகவே கூரையில் துளை.

இத்தகைய பொருளுக்குத் தமிழில் சொல் பஞ்சமில்லை. நிலக்கொடைச் செப்பேடுகள் ‘கல்லும் கள்ளியும் நாட்டி’ என்று எல்லை வகுத்ததைச் சொல்கின்றன. சிவன் கோயில் நிலத்திற்குச் சூலம் பொறித்த சூலக்கல்லும், பெருமாள் கோயில் நிலத்திற்குச் சக்கரம் பொறித்த திருவாழிக்கல்லும் நட்டனர். ஆகவே பொதுச்சொல்லுக்கு ‘எல்லைக்கல்’, தெய்வத்திற்கு ‘எல்லைக்கல் தெய்வம்’, டெர்மினாலியாவிற்கு ‘எல்லைக்கல் விழா’ என்பவையே தக்கவை. கடுக்காயும் மருதும் அடங்கிய டெர்மினாலியா என்னும் தாவரப் பேரினம் வேறு. கிளை நுனியில் இலைகள் நெருங்கி நிற்பதால் வந்த பெயர் அது. அங்கே ‘முனை’ என்று விளக்கலாம்.

என் கைக்கு வந்த படியில் அந்த வரியை ‘எல்லைக்கல்லுக்கு நேர் மேலே’ என்று திருத்தி அனுப்பியிருக்கிறேன்.