குரல்கள் நின்ற பிறகும் ஊக்கம் ஏன் திரும்பவில்லை?

பென்னாகரத்துக்கு அருகிலுள்ள கிராமம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் தம் தம்பியைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருந்த அந்த இளைஞருக்கு, யாரோ தன்னைப் பற்றிப் பேசிக்கொள்வதுபோல் குரல்கள் கேட்கத் தொடங்கின. முனி அடித்துவிட்டது என்று மந்திரித்துக் கயிறு கட்டியதில் நான்கைந்து மாதங்கள் போயின. பிறகு மனநல மருத்துவரிடம் காட்டி மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் குரல்கள் அடங்கிவிட்டன. "ஆனால் ஒரு வருடமாகப் படுத்தே கிடக்கிறான், குளிப்பதற்கே நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது, கடைக்கு அனுப்பினால் மூன்று சாமானில் ஒன்றை மறந்துவிட்டு வருகிறான், அப்பா சோம்பேறி என்று திட்டுகிறார். இதற்குச் செல்போனிலேயே பயிற்சி வந்திருக்கிறதாமே, அது எப்படி வேலை செய்யும்?" என்பது அவருடைய கேள்வி.

அந்த மறதியும் அந்தப் படுக்கையும் பெருமளவுக்கு ஒரே கோளாறின் இரண்டு வெளிப்பாடுகள். கைபேசிப் பயிற்சிகளின் அடிப்படையே இந்தப் புரிதல்தான் என்பதால், அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

மனப்பிறழ்வு பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ முதன்முதலாகத் தலைகாட்டும் நோய்நிலை. இல்லாத குரல்கள், ஆதாரமற்ற சந்தேகங்கள் ஆகியவற்றை, 1950களில் வந்த குளோர்புரோமசின் தொடங்கி இன்றுள்ள பெரும்பாலான மாத்திரைகள் வரை, மூளையில் நரம்புச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்னும் வேதிப்பொருளை ஏற்கும் டி-2 ஏற்பிகளைத் தடுப்பதன் மூலம் கட்டுப்படுத்துகின்றன. கவனம், செயல்நினைவு (ஒரு வேலை முடியும்வரை தகவலை மனத்தில் ஏந்தி வைக்கும் திறன்), சிந்தனை வேகம், ஊக்கம் ஆகியவற்றை அவை அந்த அளவுக்கு மீட்டுத் தருவதில்லை. வேலைக்கோ கல்லூரிக்கோ திரும்ப முடியுமா என்பதைப் பெரிதும் முடிவு செய்பவையோ இவைதாம். (மாத்திரையின் பக்கவிளைவாகவும், மனச்சோர்வினாலும் மந்தம் வரலாம், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டுமே தவிர, மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.)

இனி டோபமைனுக்கு வருவோம். அதை 'மகிழ்ச்சி வேதிப்பொருள்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் குரங்குகளின் மூளையில் ஒற்றை நரம்புச் செல்களின் துடிப்பைப் பதிவு செய்த நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் கண்டது அதைவிட நுட்பமானது. எதிர்பாராமல் குரங்கின் வாயில் ஒரு துளி பழச்சாறு விழுந்தால், டோபமைன் செல்கள் சடசடவென்று துடித்தன. விளக்கு எரிந்தபின் சாறு வரும் என்று குரங்கு பழகிக்கொண்டதும் அந்தத் துடிப்பு விளக்குக்கு இடம்பெயர்ந்தது. சாறு வந்த நேரத்தில் ஒன்றுமே நிகழவில்லை. விளக்கை எரியவிட்டுச் சாறு கொடுக்காமல் விட்டபோது, சாறு வந்திருக்க வேண்டிய அதே நொடியில் செல்கள் வழக்கமான துடிப்பையும் நிறுத்தி மௌனமாயின. 1997இல் ஷுல்ட்ஸ், டயான், மான்டேக் மூவரும் எழுதிய கட்டுரை இதற்கு விளக்கம் தந்தது: இந்தச் செல்கள் இன்பத்தை அளப்பதில்லை, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கின்றன.

பாலக்கோடு சந்தைக்குத் தக்காளி ஏற்றி வரும் விவசாயிக்கு இது புதிதாக இராது. கிலோ 15 ரூபாய்க்குப் போகும் என்று நினைத்து வந்தவருக்கு 25 கிடைத்தால் அன்று துள்ளல். 25 என்று நம்பி வந்தவருக்கு அதே 25 கிடைத்தால் சலனமில்லை. 15 கிடைத்தால் முகம் தொங்கிவிடும். கையில் வாங்கும் பணத்தைவிட இந்த வித்தியாசம்தான் அடுத்த போகத்துக்கு எத்தனை ஏக்கரில் தக்காளி வைப்பது என்பதை அவருக்குக் கற்றுத் தருகிறது. ஒரு சிறு செல்கூட்டம் இந்தக் கழித்தல் கணக்கை நொடிக்குள் போட்டு, மூளை முழுவதற்கும் அறிவித்துவிடுகிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மனப்பிறழ்வில் இந்த அறிவிப்பு தாறுமாறாகிறது. தொடர்பே இல்லாத நேரங்களில் டோபமைன் சுரப்பதால், சாலையில் போகிறவரின் இருமலும் வண்டியின் எண்பலகையும் தனக்கென்றே விடுக்கப்பட்ட செய்திகளாகத் தோன்றுகின்றன என்பது 2003இல் ஷிதிஜ் கபூர் முன்வைத்த விளக்கம். மாத்திரை இந்த இரைச்சலைத் தணிக்கிறது. ஆனால், "இதைச் செய்தால் நல்லது நடக்கும்" என்று கற்பிக்கும் உண்மையான சமிக்ஞையை அது மீட்டுத் தருவதில்லை.

இந்த நோய் உள்ளவர்களுக்கு இன்பமே தெரிவதில்லை என்று வெகுகாலம் நம்பப்பட்டது. ஆன் கிரிங், டேவிட் கார்டு ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நோயாளிகளிடம் அன்றாட வாழ்வின் நடுவே அவ்வப்போது கேட்டுப் பதிவு செய்து, அந்த நம்பிக்கையைப் புரட்டிப் போட்டது. ஒன்றை அனுபவிக்கும் நேரத்தில் அவர்கள் உணரும் இன்பம் மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. அது வரப்போகிறது என்று முன்கூட்டியே உணரும் இன்பம்தான் குறைந்திருந்தது. பிரியாணியைத் தட்டில் வைத்தால் ருசித்துச் சாப்பிடுகிறவருக்கு, பிரியாணி சாப்பிடப் போகலாம் என்று சொன்னால் எழத் தோன்றுவதில்லை. முன்பு கிடைத்த இன்பத்தை மனத்தில் ஏந்தி வைத்துக்கொண்டு, அதைச் செலவிட வேண்டிய உழைப்போடு ஒப்பிட்டால்தான் எழும் முடிவு பிறக்கும். அப்படி ஏந்தி வைக்கும் இடம் செயல்நினைவு. அமெரிக்காவின் மேரிலாந்தில் ஜேம்ஸ் கோல்டு குழுவினர் செய்த ஆய்வுகள், வெகுமதியிலிருந்து கற்பதில் இந்நோயாளிகளுக்கு ஏற்படும் தடுமாற்றத்தில் செயல்நினைவுக் குறைபாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்று காட்டுகின்றன. மூன்றாவது சாமானை மறக்கவைக்கும் அதே குறைபாடு, போன வாரம் நண்பனோடு பேசியது நன்றாக இருந்ததே என்ற நினைவையும் தேவைப்படும் நேரத்தில் வரவிடுவதில்லை.

ஆகவே பயிற்சிகள் இரண்டு முனைகளிலிருந்தும் நெருங்குகின்றன. ஒன்று, கவனம், நினைவு போன்ற அறிதிறனைக் கூர்தீட்டுவது. காதொலிக் கருவியில் இரண்டு மிகச் சிறிய ஒலிகள் அடுத்தடுத்து வரும்; ஒவ்வொன்றும் சுருதியில் ஏறியதா இறங்கியதா என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்தது இன்னும் குறுகும், தவறினால் சற்று நீளும். ஏறத்தாழ ஐந்தில் நான்கு விடைகள் சரியாக இருக்கும் நிலையிலேயே நிரல் ஆளைப் பிடித்து வைத்திருக்கும். பிறகு அசைகள், சொற்கள், கதைகள் என்று பயிற்சி நீளும். காதில் விழுவதே தெளிவில்லாமல் பதிந்தால் நினைவும் தெளிவில்லாமல்தான் இருக்கும் என்பது இதன் தர்க்கம். சோஃபியா வினோகிராடோவ் குழுவினர் 2015இல், நோய் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன 86 இளைஞர்களிடம் மடிக்கணினி வழியே 40 மணிநேரம் வரையிலான பயிற்சியைச் சோதித்தார்கள். வெறும் கணினி விளையாட்டுகளை ஆடியவர்களைவிட, ஒலிப்பயிற்சி பெற்றவர்களுக்குச் சொல் நினைவு போன்ற திறன்கள் முன்னேறின.

மற்றது, ஊக்கத்தை நேரடியாகத் தொடுவது. கலிஃபோர்னியாவில் டேனியல் ஷ்லாசர் குழுவினர் உருவாக்கிய 'பிரைம்' என்னும் செயலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் இளைஞர் தமக்கான இலக்கைத் தாமே தேர்ந்து, அன்றைக்குச் செய்யக்கூடிய சிறிய சவாலாக அதைச் சுருக்கிக்கொள்கிறார். செய்து முடித்ததைப் பகிர்ந்தால், அதே நிலையில் உள்ள சக இளைஞர்களின் பாராட்டு வருகிறது. பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் குறுஞ்செய்தியில் கூடவே வருகிறார். மேலே சொன்ன கழித்தல் கணக்கோடு பொருத்திப் பார்த்தால் இதன் அழகு புரியும். தொலைவிலுள்ள வெகுமதி உடனடிக்கு இழுத்து வரப்படுகிறது, உழைப்பு சிறியதாக்கப்படுகிறது, கிடைத்த நல்ல கணம் பதிவாகிக் கண்ணெதிரே நிற்பதால், செயல்நினைவு ஏந்த வேண்டிய சுமையைத் திரை ஏந்துகிறது. 'நான் எதைத் தொட்டாலும் விளங்காது' என்ற எண்ணத்துக்கு எதிரான சான்றும் அங்கேயே சேர்ந்துகொண்டு வருகிறது. 2018இல் வெளியான 12 வாரச் சோதனையில் 43 பேர் பங்கேற்றனர்; செயலியைப் பயன்படுத்தியவர்களிடம் ஊக்கத்தின் பல கூறுகள் உயர்ந்தன, மனச்சோர்வும் தோல்வி மனப்பான்மையும் குறைந்தன.

நாற்பத்து மூன்று என்பது சிறிய எண். ஆஸ்திரேலியாவில் 170 பேரைக் கொண்டு 18 மாதங்கள் நடந்த 'ஹொரைசன்ஸ்' என்னும் இணையவழி ஆதரவுத் தளத்தின் சோதனையில், முதன்மையாக அளக்கப்பட்ட சமூகச் செயல்பாட்டில், அதைப் பயன்படுத்திய குழுவுக்கும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. வேலை அல்லது படிப்பில் சேர்வதிலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது குறைவதிலும்தான் பலன் தெரிந்தது. அறிதிறன் பயிற்சிகள் பற்றிய 130 ஆய்வுகளை 2021இல் தொகுத்துப் பார்த்த பகுப்பாய்வும், பலன் உண்டு ஆனால் மிதமானதே என்றது. பயிற்சி பெற்ற ஆள் உடனிருந்து, வேலைப்பயிற்சி போன்ற மறுவாழ்வுப் பணிகளோடு இணைத்து நடத்தும்போது பலன் கூடியது. செயலியைப் பதிவிறக்கம் செய்து கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று எண்ணுவோர் இந்த முடிவைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அந்த ஆளுக்குத்தான் நம்மிடம் பணம் ஒதுக்கப்படுவதில்லை என்பது என் ஆதங்கம். செயலித் தொடக்க விழாவுக்கு மேடை கிடைத்துவிடுகிறது. இரவு ஒன்பது மணிக்கு வரும் குறுஞ்செய்திக்குப் பதில் எழுதும் உளவியலாளருக்குச் சம்பளத் தலைப்பு கிடைப்பதில்லை. இத்தனைக்கும் நமக்கு ஒரு சாதகம் இருக்கிறது. சென்னையின் ஸ்கார்ஃப் என்னும் மனநல ஆய்வு நிறுவனமும் மான்ட்ரியலின் மெகில் பல்கலைக்கழகமும் முதல்முறை மனப்பிறழ்வு கண்டவர்களை ஈராண்டு ஒப்பிட்டு 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஊக்கமின்மை போன்ற அறிகுறிகள் சென்னையில்தான் அதிகம் குறைந்தன. அங்கே குடும்பத்தின் துணையும் அதிகமாக இருந்தது. கயிறு கட்டுவதில் கழியும் மாதங்கள்தாம் அந்தச் சாதகத்தைக் கரைப்பவை. நேர்த்திக்கடன் செலுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மருந்தை அது தள்ளிப்போட வேண்டாம். மருந்தில்லாமல் சிகிச்சை தாமதிக்கும் காலம் நீளும் அளவுக்குப் பின்விளைவு மோசமாகும் என்பது பல நாடுகளில் உறுதியானது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து பேருந்து ஏறினால், பெங்களூருவின் ஓசூர் சாலையிலேயே நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நோய் திரும்புவதைக் கைபேசித் தரவுகளால் முன்னறிய முயலும் 'மைண்ட்லாம்ப்' செயலி ஆய்வில் அந்நிறுவனமும் பங்கேற்றிருக்கிறது. ஆகவே தொலைவு நமக்குத் தடை இல்லை. தமிழில் இப்படியொரு பயிற்சியைச் செய்வதாக இருந்தால் திரையிலுள்ள சொற்களை மாற்றுவது சுலபமான பாதி. ஒலிப்பயிற்சியின் அசைகளை லகர ளகர ழகரம், னகர ணகரம் என்று நம் காது உண்மையில் பிரித்தறிய வேண்டியவற்றைக் கொண்டு புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் ஏராளம் என்பதால், அவர்களுக்கு அந்தப் பதிவுகள் தனியாகவே தேவைப்படும்.