ஏழின் மீதியில் பிறந்த 142857

142857-ஐ 2-ஆல் பெருக்கினால் 285714. 3-ஆல் பெருக்கினால் 428571. 4-க்கு 571428, 5-க்கு 714285, 6-க்கு 857142. அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை. செக்குமாடு எங்கே நின்று கிளம்பினாலும் அதே தடத்தில்தானே சுற்றும்!

‘மாய எண்’ என்று சொல்லி இதைக் கடந்துவிடுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் வருத்தம் உண்டு. காரணம் தெரிந்த பிறகுதான் இந்த எண் இன்னும் அழகாகிறது. அதற்குப் பள்ளியில் போட்ட வகுத்தல் கணக்கே போதும்.

1-ஐ 7-ஆல் வகுப்போம். சுழியம் சேர்த்தால் 10. ஏழு ஒரு தடவை போகும், மீதி 3. அடுத்து 30; நான்கு தடவை, மீதி 2. 20-ல் இரண்டு, மீதி 6. 60-ல் எட்டு, மீதி 4. 40-ல் ஐந்து, மீதி 5. 50-ல் ஏழு, மீதி 1. புறப்பட்ட 1-க்கே திரும்பிவிட்டோம். இனி ஈவு 0.142857142857... என்று ஓயாமல் ஓடும்.

மீதிகளை மட்டும் தனியே எழுதுங்கள்: 1, 3, 2, 6, 4, 5. ஏழால் வகுக்கும்போது, சுழியம் போக, வரக்கூடிய மீதிகளே ஆறுதான். ஒன்றுகூட விடுபடவில்லை. 1/7-ன் இரட்டிப்பு 2/7. 2-ஐ 7-ஆல் வகுப்பது என்றால், இதே கணக்கை மீதி 2 வந்த படியிலிருந்து தொடர்வதுதான். அங்கிருந்து இலக்கங்களைப் படித்தால் 285714. ரகசியம் முழுக்க இவ்வளவுதான்.

7-ஆல் பெருக்கினால் சுழற்சி நின்று 999999 வரும். எண்ணை நடுவில் வெட்டிக் கூட்டினாலும் ஒன்பதுகளே: 142 + 857 = 999. அந்த ஆறு மீதிகளையும் வட்டமாக எழுதி, எதிரெதிரே நிற்பவற்றைக் கூட்டிப் பாருங்கள், 1 + 6, 3 + 4, 2 + 5, எல்லாம் ஏழு. பிரான்சைச் சேர்ந்த மிடி இதைப் பொது விதியாக 1836-ல் எழுதிவைத்தார்.

எல்லாப் பகா எண்ணுக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. 13-ன் பன்னிரண்டு மீதிகளும் இரண்டு வட்டங்களாகப் பிரிந்துவிடுகின்றன: 1/13-க்கு 076923, 2/13-க்கு 153846. 17-க்கு மறுபடி ஒரே வட்டம், பதினாறு இலக்கம்: 0588235294117647. முன்னால் நிற்கும் சுழியத்தை விட்டுவிடாமல் இரட்டிப்பாக்கிப் பாருங்கள், 1176470588235294 வரும். 19, 23, 29 ஆகியவையும் இந்த வகை.

இப்படிப்பட்ட பகா எண்கள் முடிவில்லாமல் வருமா? வரும் என்று சொல்லும் ஊகத்தை கணிதவியலாளர் எமில் ஆர்ட்டின் 1927-ல் முன்வைத்தார். முழு நிரூபணம் இன்னும் கிடைக்கவில்லை.